ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள்

மருத்துவ வழக்கு என்று வருகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவர் மேல் கொதிப்போடுதான் வருவார்கள். வயிற்றில் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டார், இனி அந்த ஆள் முகத்தில் விழிக்கமாட்டேன் என்பார்கள். ஒரு கூட்டுறவு வங்கிக் காசாளர் அம்மா சொன்னது வேறு மாதிரி இருந்தது. "டாக்டர் மேல கேஸ் வரக்கூடாது சார். அடுத்த மாசமும் நான் அவருகிட்டதான் போகணும்."

எங்கள் தொழிலில் இது சங்கடமான கட்டளை. நுகர்வோர் சட்டமோ இழப்பீட்டுச் சட்டமோ, உறவு முறிந்த பிறகு கணக்குத் தீர்ப்பதற்கு ஏற்பட்டவை. பழுதான பிரிட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடலாம். முடக்குவாதம் பன்னிரண்டு வருடமாக உடம்பில் இருப்பவர், தன் எலும்பும் ரத்தமும் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்த ஒரே மருத்துவரை விட்டு எங்கே போவார்? அவருக்கு விரல் முட்டிகள் வீங்கி, ஒரு காலத்தில் நோட்டுக் கட்டை எண்ணக்கூட முடியாமல் இருந்ததாம். சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் மூட்டுவாத நிபுணர்தான் அவரை மறுபடி கவுண்டரில் உட்கார வைத்தார். டெல்டாவில் எங்கள் ஊரிலிருந்து ராத்திரி ரயிலேறிப் போய், டோக்கன் போட்டு, பார்த்துவிட்டு, மறுநாள் விடியற்காலை ஊர் திரும்பி வேலைக்குப் போவார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

அவர் சாப்பிட்ட முக்கிய மாத்திரை மெதோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு உலகெங்கும் முதலில் எழுதப்படுகிற மருந்து இதுதான். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டும். தவறிப்போய் தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை மாத்திரை, மறுநாள் ஃபோலிக் ஆசிட். நல்ல மருந்து, ஆனால் கண்காணிப்பு கேட்கிற மருந்து. ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும், வேறு எந்த மாத்திரையும் கேட்காமல் சேர்க்கக்கூடாது. மருத்துவர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்: புதிய மருந்து எதுவானாலும் எங்களைக் கேட்கவும்.

2021-இல், கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்திருந்த சமயம். அந்த அம்மாவுக்குச் சிறுநீரில் தொற்று, காய்ச்சல். தெருக்கோடியில் இருக்கிற குடும்ப டாக்டரிடம் போனார். அவர் எழுதியது கோட்ரைமாக்சசோல். பழைய, விலை குறைந்த, நன்றாகக் கேட்கிற சல்ஃபா மருந்து. இவர் தன் முடக்குவாத ஃபைலை நீட்டியதும், அவர் சீட்டின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்தார்: மூட்டு டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடவும். வேறு மாத்திரையே எழுதியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்த வழக்கே இல்லை.

அந்த அம்மா கேட்டார். அதுதான் இந்தக் கதையில் என்னை உறுத்துகிற இடம். கேட்காமல் விழுங்கியவர் இல்லை. மருத்துவமனை எண்ணை அழைத்தால், தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், அப்பாயின்ட்மென்டுக்கு இரண்டை அழுத்தவும். அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்கிறவர் அழுத்துவதற்கு எண்ணே இல்லை. இரண்டை அழுத்திக் காத்திருந்தால் ஒரு பெண் எடுத்து, "டாக்டர் ஓபில இருக்காரு மேடம், சொல்லிடறோம், கூப்பிடுவாங்க" என்றார். கூப்பிடவில்லை. சாயங்காலம் மறுபடி. வேறொரு குரல், முதலிலிருந்து கதை, பதிவு எண், மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லல், "கூப்பிடுவாங்க". மறுநாளும் அதேதான். ஒரு முறை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கிருந்து மருந்தகத்துக்கு, மருந்தகத்திலிருந்து மறுபடி வரவேற்புக்கு. மின்னஞ்சல் போட்டார். உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் அனுப்பியது.

காய்ச்சல் ஏறியது. மூன்றாம் நாள் மாத்திரையை ஆரம்பித்தார்.

இரண்டு மருந்தும் உடம்பில் ஒரே இடத்தில்தான் கை வைக்கின்றன. ஃபோலேட் என்கிற சத்தை அணுக்கள் பயன்படுத்த விடாமல் இரண்டும் தடுக்கின்றன. போதாததற்கு மெதோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதையும் சல்ஃபா மந்தமாக்குகிறது. எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும். மருந்தியல் பாடப்புத்தகத்தில் இருக்கிற, எந்த மூட்டுவாத நிபுணரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய விஷயம். சில நாட்களில் அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்க முடியவில்லை, கையில் நீலத் திட்டுகள். பக்கத்து நகரத்து மருத்துவமனையில் சேர்த்தபோது தட்டணுக்கள் 20,000-க்குக் கீழே இருந்தன. 1,50,000-க்கு மேல் இருக்க வேண்டியது. லூக்கோவோரின் என்ற முறிமருந்தும் ரத்தமும் ஏற்றி, தனியறையில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

என்னிடம் வந்தபோது அவர் கையில் ஒரு நீள நோட்டு இருந்தது. காசாளர் அல்லவா, பேரேடு மாதிரி கோடு போட்டிருந்தார். தேதி, நேரம், யார் எடுத்தது, என்ன சொன்னார்கள், எத்தனை நிமிடம் காத்திருந்தது. எந்த நாள்பட்ட நோயாளியும் இப்படி ஒரு நோட்டு வைத்திருப்பது நல்லது என்பேன். வைத்திருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

யார் மேல் வழக்கு என்பதுதான் முதல் கேள்வி. குடும்ப டாக்டரைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். "கூப்பிட்டா ராத்திரி பன்னண்டு மணிக்கும் ஸ்கூட்டர்ல வர்றவரு சார். அவரு மேல போட்டா அப்புறம் யாரு வருவாங்க?" என்றார். நிபுணரையும் சேர்க்கக்கூடாது. மிஞ்சியது மருத்துவமனை நிர்வாகம் ஒன்றுதான். அது சட்டத்தில் நிற்கும் என்பதற்கு ஆதாரம் இருந்தது. 2004-இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சை தந்த மருத்துவரைத் தனியாகக் கட்சி சேர்க்கவில்லை என்பதற்காக மருத்துவமனை மேலான முறையீடு விழுந்துவிடாது என்று சொல்லியிருக்கிறது. நோயாளி போய் நிற்பது நிறுவனத்தின் வாசலில். உள்ளே யார் பொறுப்பு என்று காட்ட வேண்டியது நிறுவனம்.

வழக்கை எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போட முடிந்தது ஒரு பெரிய ஆறுதல். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படியானால், எதிர்த்தரப்பு இருக்கிற ஊருக்கு, அதாவது சென்னைக்கு அலைய வேண்டி வந்திருக்கலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், முறையீட்டாளர் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்கிறது. ரத்த அணுக்களைத் திரட்டிக்கொண்டு மெல்ல எழுந்து நடக்கிற ஒருவருக்கு இந்த ஒரு திருத்தம் எவ்வளவு பெரியது என்பதைச் சட்டக் கல்லூரியில் உட்கார்ந்து புரிந்துகொள்ள முடியாது.

வழக்குக்கு முன்பு ஒரு காரியம் செய்தோம். அந்த அம்மா 2019-இல் அதே மருத்துவமனையில் நுரையீரல் தொற்றுக்காக உள்நோயாளியாகச் சில நாள் இருந்திருக்கிறார். அந்த ஆவணங்களைக் கேட்டு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 2023-இல் இந்த விதிகளுக்குப் பதிலாகப் புதியவை அறிவிக்கப்பட்டு, அதே மாதம் நிறுத்தியும் வைக்கப்பட்டன. ஆக பழையவைதான் இன்றும் நடப்பில். ஒப்புகை அட்டை மருத்துவமனை முத்திரையோடு திரும்பி வந்தது. ஆவணம் வரவில்லை. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி என்றே சொல்ல வேண்டும். போனை எடுக்கவில்லை என்பதை நிரூபிப்பது கஷ்டம். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமலிருந்தார்கள் என்பதற்கு அந்தச் சின்ன அட்டை போதும்.

ஆணையத்தின் நோட்டீஸ் போனதும் பதில் வந்தது. சட்டம் தருவது 30 நாள், அதன்மேல் 15 நாள். அதற்குமேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அடித்துச் சொல்லிவிட்டது. கெடு என்று ஒன்று இருந்தால் அந்த மருத்துவமனையாலும் பதில் சொல்ல முடிகிறது.

அவர்கள் வாதம் மூன்று. அப்படி எந்த அழைப்பும் எங்கள் பதிவேட்டில் இல்லை. இருந்தாலும் தொலைபேசிப் பிரிவை நடத்துவது வெளி ஒப்பந்த நிறுவனம். போனில் மருத்துவ ஆலோசனை சொல்வது எங்கள் வழக்கமில்லை. முதலாவதற்கு அந்த அம்மாவின் போஸ்ட்பெய்டு பில்லின் அழைப்பு விவரத்தை, அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழோடு தாக்கல் செய்தோம். நோட்டில் எழுதியிருந்த நேரமும் பில்லில் இருந்த நேரமும் ஒத்துப்போயின. ஓர் அழைப்பு பதினோரு நிமிடம் நீடித்திருந்தது. வராத அழைப்பில் யார் பதினோரு நிமிடம் பேசியது என்று கேட்டதற்குப் பதிலில்லை. இரண்டாவது வாதத்தை ஆணையத் தலைவரே சிரித்துக்கொண்டு தள்ளினார். மூன்றாவதுதான் கொஞ்சம் கனமானது, ஆனால் அதற்கும் விடை இருந்தது. 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், ஏற்கெனவே பார்த்த நோயாளிக்குப் போனில் தொடர் ஆலோசனை சொல்வதை வெளிப்படையாக அனுமதிக்கின்றன. தவிரவும், புதிய மருந்து எதுவானாலும் எங்களைக் கேட்கவும் என்று தங்கள் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, கேட்டால் சொல்வது வழக்கமில்லை என்பது என்ன நியாயம்?

பதிலோடு சேர்த்துத் தாக்கலான ஆவணக் கட்டில் அந்த 2019 ஆவணங்களும் ஒரு வழியாக வந்தன. ராத்திரி உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தேன். உள்நோயாளி மருந்துத் தாளின் மேல் மூலையில் கட்டம் கட்டி எழுதியிருந்தது: மெதோட்ரெக்சேட் எடுப்பவர், சல்ஃபா கூடாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த வரி இல்லை. அவர் போனில் நாள்கணக்காகக் கேட்ட கேள்விக்குப் பதில், போன் ஒலித்த அதே கட்டடத்தில், அவர் பெயர் போட்ட ஃபைலில் இரண்டு வருடமாக இருந்திருக்கிறது.

மருத்துவமனை தன் தரப்பில் நிபுணரின் பிரமாண வாக்குமூலத்தைப் போட்டது. அவருடைய சிகிச்சையில் குறையில்லை என்று அதில் இருந்தது. நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். நுகர்வோர் ஆணையத்தில் குறுக்கு விசாரணை பெரும்பாலும் எழுத்து வினாக்களாகவே நடக்கும். என் வினாப்பட்டியலில் கடைசியாக ஒன்று: இந்தச் சந்தேகம் உங்களை எட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஜூனியர் பதறினார். பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்பது எல்லா சீனியரும் சொல்லிக்கொடுக்கிற பாடம். எனக்கும் பதில் தெரியாது. ஆனால் அந்த மருத்துவரை அந்த அம்மா பன்னிரண்டு வருடமாக அறிவார். "அவரு பொய் சொல்லமாட்டாரு, கேளுங்க சார்" என்றார்.

பதில் இரண்டு வரி. சாப்பிட வேண்டாம், வேறு மருந்து எழுதித் தரச் சொல்லுங்கள் என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன். அந்தச் செய்தி என்னிடம் வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு வாதாட அதிகமில்லை. மருத்துவ அலட்சிய வழக்குகளில் வழக்கமாக இடறுகிற கல், இன்னொரு நிபுணரின் கருத்து எங்கே என்ற கேள்வி. தகுதியுள்ள மருத்துவர் ஒருவர் எடுத்த முடிவைப் பின்னாலிருந்து பார்த்துக் குறை சொல்ல முடியாது என்பது நியாயமான விதிதான். இங்கே முடிவே எடுக்கப்படவில்லை. ஒரு செய்தி மேசையிலிருந்து அறைக்குப் போகவில்லை. அதை அளக்க நிபுணர் எதற்கு? 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று சொல்லியிருக்கிறது. சிகிச்சைக்கு ஏற்றுக்கொண்ட நோயாளியைப் புறக்கணிக்கக்கூடாது என்ற நடத்தை விதியையும் படித்துக் காட்டினேன்.

சேவைக் குறைபாடு என்று தீர்ப்பானது. சிகிச்சைச் செலவில் முக்கால் பங்கும், மன உளைச்சலுக்கு ஒரு தொகையும், வழக்குச் செலவும் கிடைத்தன. கால் பங்கைக் கழித்ததற்குக் காரணம், ஐயம் தீராமலே மாத்திரையைத் தொடங்கினார் என்பது. இதை நான் ஏற்கவில்லை. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்றை எத்தனை நாள் ஒருவர் போன் வருமென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? நாங்கள் கேட்ட இன்னொன்றையும் ஆணையம் தரவில்லை. நீண்டநாள் நோயாளிகளின் அழைப்புகளுக்கு ஒரு பதிவேடும் பொறுப்பான ஒரு செவிலியரும் வேண்டும் என்று உத்தரவிடக் கேட்டிருந்தோம். மருத்துவமனை நிர்வாகத்துக்குள் நுழைய முடியாது என்றார்கள். குறைபாட்டை நீக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் சட்டத்தின் 39-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மாநில ஆணையத்துக்குப் போனால் கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. மேல்முறையீட்டுக்கு 45 நாள். அந்த அம்மா போதும் என்றுவிட்டார். பணத்தைவிட அந்தப் பதிவேட்டைத்தான் அவர் பெரிதாக எதிர்பார்த்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

மருத்துவமனையும் மேலே போகவில்லை. போனால் பாதித் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். காசோலை வந்தது; கூட வந்த கடிதத்தின் அடியில், ஐயங்களுக்கு அழைக்கவும் என்று அதே எண் அச்சாகியிருந்தது.

அடுத்த முறை அவர் சென்னைக்குப் போனபோது, நிபுணர் வழக்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லையாம். விரல்களை அழுத்திப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் படித்தார், மெதோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். சீட்டின் பின்பக்கம் தன் பிரிவுச் செவிலியரின் வாட்ஸப் எண்ணை எழுதிக் கொடுத்தார். யாரும் உத்தரவிடாத ஏற்பாடு அது. இப்போது அந்தப் பிரிவின் பழைய நோயாளிகள் எல்லோரிடமும் அந்த எண் இருக்கிறது என்கிறார். செய்தி போட்டால் பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதில்லை.