கிழக்குக் கடற்கரையில் சூரிய அஸ்தமனப் படகுப் பயணம்... பண்ருட்டி, நெய்வேலிக்காரர்கள் எங்கே போகலாம்?

பண்ருட்டியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் போல ஆகும், கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு. மாலை நேரத்தில் அங்கே வழக்கமாக நடக்கும் ஒரு காட்சி உண்டு. பிள்ளைகளை மணலில் உட்காரவைத்து, செல்போன் கேமராவைக் கடல் பக்கம் திருப்பி, "இதோ, இப்ப சூரியன் தண்ணிக்குள்ள இறங்கும் பாரு" என்பார் அப்பா. சூரியனும் இறங்கும். ஆனால் கடலுக்குள் அல்ல, எல்லோருடைய முதுகுக்கும் பின்னால், ஊர்ப் பக்கம்!

வங்காள விரிகுடா நமக்குக் கிழக்கே இருக்கிறது. அதனால் கடலூர் மாவட்டக் கரையில் கடலிலிருந்து சூரியன் உதிக்கும்; மறைவது நிலத்தில்தான். சினிமாவிலும் ரீல்ஸிலும் பார்க்கும் 'கடலில் விழும் சூரியன்' பெரும்பாலும் கேரளா, கோவா போன்ற மேற்குக் கரைக் காட்சி. தமிழ்நாட்டில் அதைப் பார்க்கக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போகலாம்.

அப்படியானால் பண்ருட்டி, நெய்வேலிக்காரர்களுக்கு மாலைப் படகுப் பயணமே கிடையாதா? உண்டு. கடலைத் தேடாமல், கடலுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீரைத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது?

மாலைப் படகுக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. உப்பங்கழியிலும் ஆற்று முகத்துவாரத்திலும் படகு கரையிலிருந்து கிழக்கே, கடல் பக்கம் போகும். திரும்பும்போது மேற்கே வரும். அந்த நேரத்தில் சூரியன் நேர் எதிரே, தண்ணீரின் மேல் நிற்கும். போகும்போது முதுகில் வெயில், வரும்போது கண்ணெதிரே பொன் நிறத் தண்ணீர்.

கடலைவிட இங்கே இன்னொரு வசதியும் இருக்கிறது. அலை குறைவு. தாத்தா பாட்டியோ, படகென்றாலே தலைசுற்றும் பிள்ளையோ உடன் வந்தாலும் பயமில்லாமல் உட்காரலாம்.

பிச்சாவரம்: முதல் தேர்வு

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பரந்து கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. பரப்பளவு சுமார் 1,100 ஹெக்டேர். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம் காட்டின் மேற்குக் கரையில் இருப்பதால், மேலே சொன்ன 'போகும்போது கிழக்கு, வரும்போது மேற்கு' கணக்கு இங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

துடுப்புப் படகு, மோட்டார் படகு இரண்டும் உண்டு. அவசரமில்லாதவர்களுக்குத் துடுப்புப் படகே நல்லது. சத்தம் இல்லாததால் கொக்கும் நாரையும் பறந்து ஓடாது. குறுகலான கால்வாய்களுக்குள் நுழைந்தால், இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கும் சுரபுன்னையின் வேர்கள் பந்தல்கால்கள் போலத் தெரியும். ஆனால் ஒன்று, அந்தப் பச்சைக் குகைக்குள் இருக்கும்போது வானம் தெரியாது. முதலில் கால்வாய், கடைசியில் அகன்ற நீர்ப்பரப்பு என்று படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தக் காட்டு இனம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் கையை நீட்டிக் கிளை ஒடிக்காமல் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை.

1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' இங்கே படமாக்கப்பட்டது. வீட்டில் அறுபதைக் கடந்தவர்கள் இருந்தால், படகில் அந்தப் பேச்சுதான் ஓடும். அதைவிடப் பெரிய கதை 2004 டிசம்பர் 26-ல் நடந்தது. சுனாமி வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் பாதிப்பு குறைந்தது. வேர்களும் மரங்களும் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டன. அழகு பார்க்கப் போகும் இடம், ஊரைக் காத்த இடமும்கூட.

சுண்ணாம்பாறு: இரண்டாவது தேர்வு

பண்ருட்டியிலிருந்து கடலூர் வழியாகப் புதுச்சேரி போகும் சாலையில், ஊருக்குள் நுழைவதற்கு முன்பே நோணாங்குப்பத்தில் வருகிறது சுண்ணாம்பாறு படகு குழாம். இங்கிருந்து ஆற்றின் வழியே கடல் ஓரத்தில் இருக்கும் பாரடைஸ் பீச்சுக்குப் படகு போகிறது. கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பும் படகில் மேற்கு வானம் எதிரே இருக்கும். ஒரே டிக்கெட்டில் கடலும் ஆறும்.

கவனிக்க வேண்டியது, பீச்சிலிருந்து கடைசிப் படகு கிளம்பும் நேரம். போகும்போதே கேட்டுவிட வேண்டும். விடுமுறை நாள்களில் திரும்பும் வரிசை நீளமாக இருக்கும்.

கரையிலிருந்தே பார்க்க: பரங்கிப்பேட்டை

படகு வேண்டாம், காட்சி மட்டும் போதும் என்பவர்களுக்கு வெள்ளாற்று முகத்துவாரம். 'போர்ட்டோ நோவோ' என்று ஐரோப்பியர்கள் அழைத்த பழைய துறைமுக ஊர் பரங்கிப்பேட்டை. ஹைதர் அலி படைக்கும் ஆங்கிலேயப் படைக்கும் 1781-ல் சண்டை நடந்தது இந்த ஊருக்கு அருகில்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இங்கே இருக்கிறது. முகத்துவாரத்தில் நின்று மேற்கே பார்த்தால், ஆற்றுக்கு மேலே சூரியன் இறங்குவது தெரியும். மீன்பிடிப் படகுகள் கறுப்பு நிழலாக நிற்கும்.

இது மீனவர்கள் வேலை செய்யும் துறை. "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?" என்று மீன்பிடிப் படகுகளை அணுகுவது சரியல்ல. ஏன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

அழகைவிட முக்கியம்

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காடு ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சொந்தபந்தங்கள் ஒன்றுகூடிப் போன உல்லாசப் பயணம் அது. 2023 மே 7, கேரளாவின் தானூர். சூரியன் மறைந்த பிறகு கிளம்பிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகம் பேர் அந்தப் படகில் இருந்தார்கள்.

இரண்டு இடங்களிலும் போனவர்கள் நம்மைப் போன்ற குடும்பங்கள்தான். அதனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

* அங்கீகாரம் பெற்ற படகு குழாமில் மட்டும் ஏற வேண்டும்.
* எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில். போட்டால் போதாது, பட்டியை இறுக்கிக் கட்ட வேண்டும்.
* "இன்னும் ரெண்டு பேர்தானே" என்று ஏற்றினால் அடுத்த படகுக்குக் காத்திருக்கலாம்.
* செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. படகு கவிழ அது ஒன்றே போதும்.
* இருட்டிய பிறகு படகு வேண்டவே வேண்டாம்.

எந்த மாதம், எந்த நேரம்?

நம் பகுதியில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுக்க ஒரு மணி நேர அளவில் மாறுகிறது. நவம்பரில் சுமார் 5.40 மணி, பொங்கல் சமயத்தில் 6 மணி, ஜூலை தொடக்கத்தில் 6.40 மணி. மறைந்த பிறகு இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். எனவே பொங்கல் சமயம் என்றால் 4.30 மணிக்குப் படகில் ஏறி, 5.45-க்குள் கரை சேருவது நல்ல கணக்கு. கடைசிப் பத்து நிமிடச் சிவப்பைப் படகு குழாமின் கரையில் நின்றே பார்க்கலாம்.

நேரம் தெரியவில்லையா? கையை நீட்டி, விரல்களைப் படுக்கையாகச் சூரியனுக்கும் அடிவானத்துக்கும் இடையே வைத்துப் பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் கால் மணி நேரம். நான்கு விரல் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சூரியனை நேராக உற்றுப் பார்க்காமல் செய்ய வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டியின் பலா, முந்திரி மரங்களை அடியோடு சாய்த்ததை இந்தப் பகுதியில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அந்த மாதங்களில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. காணும் பொங்கல் அன்று கூட்டம் தாங்காது; ஒரு நாள் தள்ளிப் போனால் நிம்மதி.

பண்ருட்டியிலிருந்து பிச்சாவரம் போக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் கையில் வைத்துக்கொள்வது நல்லது. டிக்கெட் கவுன்ட்டர் சூரியன் மறையும் வரை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாமல், முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். தொப்பி, தண்ணீர், கொசுக்கடிக்கு ஒரு களிம்பு போதும். பிளாஸ்டிக் கவரைக் காட்டுக்குள் விட்டுவிட்டு வர வேண்டாம்.

சில்வர் பீச்சை மறந்துவிடலாமா?

கூடாது. அதற்கு வேறொரு நாள் இருக்கிறது, பௌர்ணமி. அன்று மேற்கே சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி, கிழக்கே கடலிலிருந்து முழு நிலா எழும். மாசி மகத்தன்று சுவாமிகள் தீர்த்தவாரிக்கு இதே கரைக்கு வருவதும் பௌர்ணமியை ஒட்டித்தான்.

அந்த மாலையில், கேமராவைக் கடல் பக்கம் திருப்பி "இதோ பாரு" என்று சொல்லும் அப்பா ஏமாற மாட்டார். சூரியன் முதுகுப் பக்கம் போனால் என்ன, நிலா நேராக எதிரே வரும்.