கழுத்துக்கு எந்த இரும்பு?

கலைப் பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் நடத்தி வரும் ஒருவனுக்கு இரும்பைப் பற்றி எழுத என்ன உரிமை என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். உரிமை ஏதுமில்லை, ஒரு பிழை செய்தேன் என்பதுதான் காரணம்.

என் மூத்த சகோதரியின் மகன் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, ஊரிலேயே சிறியதொரு லேத் பட்டறை நடத்தி வருகிறான். மண் மைதானப் பந்தயங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர் ஒருவர், தமக்கெனத் தனியாக ஒரு பிரேம் செய்து தருமாறு சென்ற ஆண்டு அவனிடம் முன்பணம் கொடுத்திருந்தார். (சாலையில் ஓடும் வண்டிக்கு இவ்விதம் செய்ய இயலாது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. பல வண்டிகளில் சேஸிஸ் எண்ணே கழுத்தின் மீதுதான் பொறிக்கப்பட்டிருக்கிறது.)

கழுத்து என்று இங்கே குறிப்பிடுவது, பிரேமின் முன்முனையில் சற்றே சாய்ந்து நிற்கும் தடித்த குழாயை. முன் போர்க்கையும் ஹேண்டில் பாரையும் தாங்கும் தண்டு, அதனுள்ளே மேலும் கீழும் அமைந்த இரண்டு பேரிங்குகளின் மீது திரும்புகிறது. முன்சக்கரம் பள்ளத்தில் விழும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எழும் விசை, நீண்ட போர்க்கையே நெம்புகோலாக்கிக்கொண்டு அவ்விடத்தைத் தாக்குகிறது. வேறொரு குழாயில் விரிசல் கண்டால் வண்டி தள்ளாடும். கழுத்து பிரிந்துவிட்டாலோ ஓட்டுபவரின் கையில் ஹேண்டில் பார் மட்டுமே மிஞ்சும்.

“இருக்கிறதிலேயே உறுதியான இரும்பு வேண்டும், மாமா” என்று அவன் கூறியதும், எனக்குப் பழக்கமான பழைய இரும்புக் கடையில் லாரி அச்சின் தடித்த துண்டொன்றை நானே விலைபேசி வாங்கிக் கொடுத்தேன். ஒரு லாரியையே இழுத்த இரும்பு ஒரு மோட்டார் சைக்கிளைத் தாங்காதா என்பது என் வாதம். மன்திக் கற்பிப்பவனின் வாதமல்லவா, அவனும் மறுக்கவில்லை.

பிரேம் முடிந்தது. பெயிண்ட் அடிப்பது ஒன்றே பாக்கி. ஓர் அஸருக்குப் பின் நான் பட்டறையில் அமர்ந்திருந்தபோது, ஆலையொன்றில் கொதிகலன் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஏதோ கருவி கேட்டு வந்தார். பிரேமைச் சுற்றி வந்து பார்த்தவர், “தம்பி, கழுத்து என்ன ஸ்டீல்?” என்று கேட்டார். லாரி அச்சு என்றதும் அவர் முகம் மாறியது. எஞ்சிய துண்டை வாங்கிக் கிரைண்டிங் சக்கரத்தில் வைத்தார். பொறிகள் நட்சத்திரங்களாய் வெடித்துச் சிதறின. சாதாரணக் குழாயை வைத்தபோது நீண்ட கோடுகளாகவே பறந்தன. பிறகு அச்சுத் துண்டின் மீது ஒரு குழாயை வெல்டிங் செய்து, ஆறவிட்டு, வைஸில் இறுக்கிச் சம்மட்டியால் அடித்தார். இரண்டாவது அடியில் அது சடக்கென்று முறிந்து விழுந்தது.

முறிந்தது வெல்டிங் அன்று. அதை ஒட்டியிருந்த அச்சு இரும்புதான் முறிந்திருந்தது.

அதன் காரணத்தை அவர் பொறுமையாக விளக்கினார். மைல்டு ஸ்டீலில் கார்பன் பெரும்பாலும் 0.25 சதவீதத்துக்கு உட்பட்டிருக்கும். அச்சு முதலியவற்றைக் கடைவதற்கு நம் பட்டறைகளில் புழங்கும் இ.என்.8 ரகத்தில் அது 0.35 முதல் 0.45 வரை. வெல்டிங்கின்போது செஞ்சூடேறிய விளிம்பிலிருந்து, சுற்றியுள்ள தடித்த குளிர்ந்த இரும்பு வெப்பத்தை விரைந்து உறிஞ்சிவிடுகிறது. கொல்லர் காய்ச்சிய உளியைத் தண்ணீரில் தோய்ப்பதற்கு ஒப்பானது அது. கார்பன் மிகுந்த இரும்பு அவ்வாறு திடீரெனக் குளிர்ந்தால் கண்ணாடி போலக் கடினமாகி நொறுங்கும் இயல்பைப் பெறுகிறது. சில வேளைகளில் விரிசல் அன்றைக்குத் தெரியாது, மறுநாள்தான் தோன்றும்.

மருமகன் விடவில்லை. விமானங்களுக்கும் பந்தய வண்டிகளுக்கும் பயன்படும் 4130 என்ற குரோமோலி ஸ்டீலை வாங்கலாமா என்று கேட்டான். மெல்லிய குழாயாயின் அது நன்றாகவே பற்றும். கழுத்தைப் போன்ற தடித்த பாகத்துக்கோ 150 டிகிரிக்கு மேல் முன்கூட்டியே சூடேற்றி, மெதுவாக ஆறவிட வேண்டும். அதற்கான வசதி இப்பட்டறையில் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டார். 1950இல் மான் தீவுப் பந்தயத்தில் ஜெஃப் டியூக் வென்ற நார்ட்டன் வண்டியின் பிரேம் ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்ரகக் குழாய்களால் ஆனது என்பதை அவன் படித்திருந்தான். அக்குழாய்களை உருக்கி இணைக்காமல், குறைந்த வெப்பத்தில் வெண்கலப் பற்றவைப்பால் அல்லவா சேர்த்தார்கள் என்றார் பெரியவர். எனக்கு வியப்பளித்த செய்தி வேறொன்று. எந்த ரக ஸ்டீலானாலும் வளையாமல் எதிர்த்து நிற்கும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றேயாம்; கூடுதல் விறைப்பு வேண்டுமெனில் கனத்தையோ விட்டத்தையோதான் கூட்ட வேண்டுமாம்.

அவர் சென்ற பின் வெகுநேரம் நாங்கள் பேசவில்லை. பதினைந்து நாள் உழைப்பு, முன்பணமும் செலவாகிவிட்டது. “பெயிண்ட் அடித்துவிட்டால் உள்ளே என்ன இரும்பென்று யாருக்குத் தெரியப் போகிறது, மாமா?” என்றான். கேட்டவுடனேயே தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. சில நொடிகளுக்கு முன் அதே நினைப்பு என் மனத்திலும் வந்து போயிருந்ததை அல்லாஹ் அறிவான்.

மஃரிப் தொழுதுவிட்டு வந்து கழுத்தை அறுத்தெடுத்தோம். வெல்டிங் சூடு பாய்ந்த குழாய் முனைகளும் அதனுடன் போயின. புதிய கழுத்துக்குக் கார்பன் குறைந்த, பொருத்துத் தையலில்லாத தடித்த குழாயை, அதன் ரகம் எழுதிய சான்றுடன் கோவையிலிருந்து வரவழைத்தான். முதலில் வெல்டிங்கை முடித்து, பிறகே பேரிங் அமரும் இடங்களை இறுதி அளவுக்குக் கடைந்தான். வெல்டிங் சூட்டில் குழாய் வட்டம் கெட்டுக் கோணிவிடுமாதலால் அதுவே முறை. பெரியவர் இருமுறை வந்து பார்த்துவிட்டுச் சென்றார்.

வண்டிக்காரரிடம் நடந்ததை நானே எடுத்துரைத்தேன். தாமதத்துக்காக அவர் கோபித்துக்கொண்டார். காரணத்தைக் கேட்டதும் அறுத்தெடுத்த கழுத்தைக் காட்டும்படி கேட்டு, கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்ச அச்சை நான் பழைய இரும்புக் கடையிலேயே திருப்பிப் போட்டேன். வாங்கிய விலையில் பாதிதான் தந்தார்கள்.