முண்டாசு தைச்ச கதை

டிசம்பர் 11 நெருங்கினாலே எங்க வீட்டுல தையல் மெஷினுக்கு எண்ணெய் போடணும். 1882-ல பாரதி பொறந்த எட்டயபுரம் எங்க மாவட்டம்தானே, திருச்செந்தூர்லயும் பள்ளிக்கூடத்துக்குப் பத்து பாரதியாவது நிப்பாங்க. அதுல ஒருத்தன் அக்கா மகன்.

போன வருஷம் வாடகைக்கு எடுத்தது, அட்டையில வெள்ளைத் துணி ஒட்டின சமாச்சாரம். கார்த்திகைப் புழுக்கத்துல வேர்த்து, பசை விட்டு, பாதிப் பாட்டுல முண்டாசு மூக்குக்கு இறங்கிடுச்சு. பய அழுதுட்டே மேடையை விட்டு வந்தான். இந்த வருஷம் "நான் வரல சித்தி"ன்னுட்டான்.

சரி, நாமளே தைப்போம்னு உக்காந்தேன். பாரதிக்கு மீசையும் தலைப்பாகையும் காசியில வந்த பழக்கம்னு சொல்வாங்க. 1898-ல அப்பா இறந்தப்புறம் அத்தை வீட்டுல தங்கிப் படிச்ச ஊர். அங்க மார்கழி, தை ராத்திரியில 10 டிகிரிக்குக் கீழ போகும். எட்டயபுரத்து வெயில்ல வளந்த பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? குளிரும் ஒரு காரணம்னுதான் எனக்குப் படுது (தமிழ் வாத்தியார்கள் அடிக்க வராதீங்க :-)). ஆக, அது கவுத்துற தொப்பி இல்ல, சுத்திக் கட்டுற துணி.

அதுக்குப் பழைய மல் வேட்டிதான் லாயக்கு. பீரோவுல அப்பாவோட நாலு முழம் ஒண்ணு இருந்துச்சு. அப்பா போய் ஆறு வருஷம். கத்தரியைப் பாத்ததுமே அம்மா, "அதுல கைய வைக்காத பிள்ளே"ன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல.

வெட்டாமலே பாத்துடுவோம்னு தோணுச்சு. பய தலை 20½ இஞ்ச். 21-க்கு ஒரு காடாத் துணிக் குல்லா தைச்சேன். வேட்டியை நீளவாக்குல நாலா மடிச்சா அது மேல மூணு சுத்து வந்துச்சு, முதுகுல தொங்க ஒரு அடி மிச்சம். அங்கங்க நீள நீளமா ஓட்டுத் தையல். நூலை இழுத்தா மறுபடி முழு வேட்டி!

பய தலையை ஆட்டி ஆட்டிப் பாத்தான். "கனமே இல்ல சித்தி."

பாட்டை முழுசாப் பாடிட்டுத்தான் இறங்கினான். பரிசு வேற ஒரு பாரதிக்குப் போயிடுச்சு, அது கெடக்கட்டும்.

சாயங்காலம் அம்மாவே முண்டாசை அப்படியே அலசிக் கொடியில போட்டாங்க. "தையலைப் பிரிச்சிரட்டுமா?"ன்னேன்.

"காயட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அதுக்குள்ள அவன் தலை கொஞ்சம் வளந்துரும். உள்குல்லாவை மாத்தணும்.