உருபு மயக்கம்

கணியம்பாடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர்க்கு நாம் கற்பிப்பது தமிழ். ஆயினும் நேர்முகத் தேர்வு நெருங்கினால், எழுதிப் பார்த்த ஆங்கிலத் தாள்களோடு நம்மிடமே வருகிறார்கள். 'டிஸ்கஸ் அபௌட்' என்றிருக்கும். 'ஆங்ரி ஆன் ஹிம்' என்றிருக்கும்.

பிழைதான், அறியாமையன்று. 'அவன்மேல் கோபம்' என்பதிலுள்ள 'மேல்' அப்படியே 'ஆன்' ஆகிவிட்டது. ஆங்கிலமோ அங்கே 'வித்' கேட்கிறது. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள் 'பற்றி' முன்பே அடங்கியிருப்பதால் 'அபௌட்' மிகை. பேருந்துக்கும் காருக்கும் நமக்கு ஒரே 'இல்'. அவர்களுக்குப் பேருந்தென்றால் 'ஆன்', காரென்றால் 'இன்'. மாத்திரையை நாம் போடுகிறோம், அவர்கள் எடுக்கிறார்கள்.

இதற்கெல்லாம் காரணம் தேடிக் களைக்க வேண்டியதில்லை. நம் மொழியும் இப்படித்தான். ஏழாம் வேற்றுமைக்கு மட்டும் நன்னூல் 28 உருபுகளை அடுக்குகிறது. தொல்காப்பியரோ சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலை அடுத்து, வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலையே வைத்தார். வெயிலில் காய்ந்தது, வெயிலால் காய்ந்தது: இரண்டும் தமிழே. எது செல்லும் என்பதை வழக்கே தீர்மானிக்கிறது.

ஆகவே மாணவர்க்கு நாம் சொல்வது ஒன்றே: வினையைத் தனியே மனப்பாடம் செய்யாதீர்கள், அது கேட்கும் உருபோடு சேர்த்துப் பழகுங்கள். 'இன்'னா 'ஆன்'னா என்றஞ்சி, விடை தெரிந்தும் வாய்திறவாமல் திரும்பி வரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறோம். வேற்றுமை உருபை வகுப்பில் ஒழுங்காகக் கற்றவர்க்கு இது புதுப்பாடமே அன்று.