சும்மா கிடக்கும் படகு

பழவேற்காட்டில் படகுக்கு ஓய்வு குறைவு. விடியுமுன் கிளம்பும், வெயில் ஏறும் நேரம் கரைக்கு வரும். வலையைப் பிரித்து மீனை எடுத்த கையோடு படகையும் கழுவிவிட்டுத்தான் ஆள் வீட்டுக்குப் போவார். முட்டுக்காட்டுப் பக்கம் உல்லாசத்துக்கென்று ஃபைபர் படகு வைத்திருக்கிறார் என் நண்பர். அது மாதம் ஒருமுறை தண்ணீரில் இறங்கினால் அதிகம். ஆனாலும் ஓயாமல் செலவு வைப்பது அதுதான்.

காரணம் கேட்கத்தான் இருவரும் பழவேற்காடு போனோம். டச்சுக்காரர்களின் கல்லறையைப் படம் பிடிக்கக் கூட்டம் வருகிற ஊர். ஏரிக்கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் ஃபைபர் படகை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்களுக்கு வேண்டியது அங்கேதான் இருந்தது.

அதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மீனவர் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று அமுங்கியது. “இங்க தண்ணி பூந்துடுச்சு சார்.” வெளியே பார்த்தால் மயிரிழை மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தது. நோவு பிடித்த இடம் முழுவதையும் தேய்த்து எடுத்து, ஈரம் போகக் காயவிட்டு, பிறகே கண்ணாடியிழை மேட் வைத்து ரெசின் பூச வேண்டும். உச்சிவெயிலில் ஹார்டனர் கொஞ்சம் கூடினாலும் ரெசின் டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும் என்பதால் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார். என் நண்பர் இதே மாதிரிக் கீறல் மேல் நல்ல நீலப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். அப்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

மரப்படகுக் காலத்தில் இப்படி ஏமாற முடியாது. பலகை இடுக்கு விட்டால் உடனே ஒழுகும். பஞ்சைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சி அடைப்பார்கள், மரத்துக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. பராமரிப்பே வேண்டாம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. ஃபைபர் மக்காது என்பது உண்மைதான்; ஆனால் இன்ஜினைத் தாங்கும் பின்பலகைக்குள் பெரும்பாலும் மரம்தான் இருக்கிறது. போல்ட் ஓட்டை வழியாக ஈரம் இறங்கினால் அது சத்தமில்லாமல் உளுத்துப்போகும்.

இந்த ஏரியின் குணமும் லேசானதல்ல. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது, அடி மணலில் உரசும். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவரும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடினால் கடல்நீர் வரத்து நின்று, இருக்கிற தண்ணீரும் வற்றி, உப்பு ஏறிவிடும். தண்ணீரிலேயே கட்டிப்போட்ட படகின் அடியில் கொட்டலசு ஒட்டும். அதைச் சுரண்டாமல் விட்டால் படகு இழுக்காது, எண்ணெய் மட்டும் கூடுதலாகக் குடிக்கும்.

வெளிப்பொருத்து இன்ஜின் உப்புத் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீர் கொடுத்துச் சில நிமிடம் ஓடவிட வேண்டும்; இல்லாவிட்டால் உப்பு உள்ளேயே காய்ந்து தண்ணீர்ப் பாதையை அடைக்கும். ஓட்டாமலே கிடந்தால் பம்ப்பின் ரப்பர் இறக்கையும் வளைந்தபடியே இறுகிவிடும். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகப் படியும். நண்பர் வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் போதுமா என்று கேட்டார். “வாரத்துக்கு ஒருக்கா எறக்கி ஓட்டுங்க, சர்வீஸ் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் மீனவர்.

2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அந்தப் பேச்சு வந்தபோதுதான் நண்பருக்குத் தன் லைஃப் ஜாக்கெட்டுகளின் நினைவே வந்தது. திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். இரண்டில் வார் இற்றுப்போயிருந்தது, ஒன்றில் எலி கடித்த தையல். பெயின்ட் வாங்க வைத்திருந்த பணத்தில் முதலில் அவற்றை மாற்றினார்.