யாரோட லைஃப்டைம்?

எங்க வீட்டுக் காருக்கு க்ளட்ச் கிடையாது. பந்தாவுக்காக வாங்கினது இல்லீங்க. தங்கமணிக்கு இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆச்சு. இனிமே அந்தக் காலால் க்ளட்ச் மிதிக்கிற வேலை வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். அதே சமயத்தில் எனக்கு நாக்பூருக்கு மாற்றல். பாஷை தெரியாத ஊர், வங்கியில் இருந்து நான் வீடு திரும்ப எட்டு மணி ஆகும். பையனோட ஸ்கூல், மார்க்கெட், பிசியோதெரபி எல்லாத்துக்கும் என்னை எதிர்பார்த்தால் வேலைக்கு ஆகாது. அதனால 2019-ல் ஒரு செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாங்கினோம். 2016 மாடல், 41,000 கி.மீ. ஓடினது. டார்க் கன்வெர்ட்டர் வகை, ஆறு கியர்.

வாங்கின அன்னிக்கே கூட வந்த புக்லெட்டை முழுசா படிச்சேன். (லோன் டாக்குமெண்ட் படிச்சுப் படிச்சு வந்த வியாதி.) கியர்பாக்ஸ் ஆயில் பற்றி ஒரே வரிதான். லைஃப்டைம் ஃபில், மாற்ற வேண்டியதில்லை. அப்பாடா, ஒரு செலவு மிச்சம்னு மூடி வச்சுட்டேன்.

2022 கடைசியில் ஒரு நாள் தங்கமணி சொன்னாள், "என்னங்க, டோல்கேட்டுக்கு முன்னாடி ரோட்டுல வரி வரியா போட்டிருப்பாங்களே, அது மேல போற மாதிரி வண்டி அதிருது. அறுபதுல போறப்ப மட்டும்."

"ரோடு சரியில்லை" என்றேன்.

ஒரு மாசம் கழிச்சு மறுபடியும் சொன்னாள். டயரில் காற்று பார்த்தேன், அலைன்மெண்ட் பார்த்தேன். மூணாவது தடவை சொன்னப்போ புக்லெட்டை எடுத்துக் காட்டி, கியர்பாக்ஸில் எதுவும் இருக்காதுன்னு அடிச்சுப் பேசினேன். அதுக்கப்புறம் அவள் சொல்றதை நிறுத்திட்டாள். அதிர்வு நிக்கலை.

2023 மே மாசம் அம்மாவைக் கூட்டிவர விருதுநகர் போனோம். போறப்ப ஒண்ணும் தெரியலை. திரும்பி வரும்போது சேலம் தாண்டி தொப்பூர் மேடு. பின் சீட்டில் அம்மாவும் பையனும். முன்னாடியும் பின்னாடியும் லாரி. ஆக்சிலேட்டரை மிதிச்சால் எஞ்சின் சத்தம் ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குது. கூடவே அந்த அதிர்வு, இந்த முறை ஸ்டீயரிங் வரைக்கும். பின்னாடி லாரிக்காரர் ஹாரனை விடவே இல்லை. அம்மா "என்னப்பா ஆச்சு?" என்றாங்க. பக்கத்தில் தங்கமணி ஒரு வார்த்தை பேசலை. அதுதான் ரொம்ப உறைச்சது.

மெதுவா ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆற விட்டு, எப்படியோ தருமபுரி வந்து சேர்ந்தோம். அங்கிருந்து நாக்பூர் வரை வேகமே எடுக்காமல், மூணு நாள்.

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துட்டு கியர்பாக்ஸையே மாத்தணும், ₹1,85,000 என்றார்கள். அதே வாயால், ஆயில் லைஃப்டைம்தான், தொட வேண்டாம்னும் சொன்னார்கள். வண்டியை வித்தாலே நாலு லட்சம் தேறுமான்னு சந்தேகம். வித்துட்டால் தங்கமணி மறுபடியும் வீட்டுக்குள்ளேதான்.

எங்க கிளையின் கஸ்டமர் ஒருத்தர் மூலமா, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற ஒரு பெரியவரிடம் போனேன். எல்லாரும் உஸ்தாத்னு கூப்பிடுறாங்க. புக்லெட்டை நீட்டினேன். கண்ணாடியைக் கூடப் போடாமல் கேட்டார், "கிஸ்கா லைஃப்டைம், சாப்?"

யாரோட லைஃப்டைம்? இருபது வருஷமா ஷரத்துகளைப் படிக்கிற எனக்கு இந்தக் கேள்வி தோணவே இல்லை.

அவர் சொன்னதையும், நான் பிறகு படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சக்தியைக் கடத்துறதே இந்த ஆயில்தான். உள்ளே இருக்கிற க்ளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கிறதும் இதோட அழுத்தம்தான். பல்சக்கரங்களுக்கு வழுக்கலும் குளிர்ச்சியும் தர்றதும் இதேதான். பல்சக்கரம் வழுக்கணும், க்ளட்ச் தட்டு வழுக்கக் கூடாது. ரெண்டையும் ஒரே ஆயில் செய்ய அதுல சில சேர்மானம் கலக்கிறாங்க. (1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதுக்குத் திமிங்கில எண்ணெய் சேர்த்தாங்களாம்!) சூட்டில் முதலில் சாகிறது இந்தச் சேர்மானம்தான். அது செத்தால் க்ளட்ச் பிடித்தும் பிடிக்காமலும் நடுங்கும். தங்கமணி சொன்ன அதிர்வு அதுதான்.

வங்கியில் தவணை ஒரு நாள் தள்ளினாலே எஸ்.எம்.ஏ. என்று கொடி காட்டுவோம். 90 நாள் தாண்டினால்தான் என்.பி.ஏ. எங்க வீட்டுக் கணக்கு ஆறு மாசமா கொடி காட்டியிருக்கு. ஆபீசர்தான் பார்க்கலை.

கம்பெனிக்காரன் பொய் சொல்றானா? அப்படியும் இல்லை. சீரான வெயில், சீரான ரோடு, வாரண்டி முடியும் வரை தாங்கினால் போதும் என்ற கணக்கில் அது சரிதான். பல புக்லெட்டில் பின்பக்கம் 'கடினமான உபயோகம்'னு ஒரு பட்டியல் இருக்கும். குறுகிய தூரம், நெரிசல், கடும் வெயில், மலைப்பாதை. நாக்பூரில் மே மாசம் 45 டிகிரி, ஸ்கூலுக்கு 4 கி.மீ., வழியில் ஏழு சிக்னல். இதுல எது எங்களுக்குப் பொருந்தாது? பல கார் கம்பெனிகளுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிற ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனியே தன் பெட்டிகளுக்கு 80,000-லிருந்து 1,20,000 கி.மீ. அல்லது 8 வருஷத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்லுது. செஞ்சவனே மாத்தச் சொல்றப்போ நமக்கென்ன?

உஸ்தாத் கொஞ்சம் ஆயிலை வெள்ளைக் காகிதத்தில் விட்டுக் காட்டினார். சிவப்பா இருக்க வேண்டியது டிகாஷன் மாதிரி இருந்தது, தீய்ந்த வாசனை வேறே. மெஷின் வச்சு மொத்தமா கழுவ மாட்டேன்னுட்டார். 92,000 கி.மீ. தொடாத பெட்டியில் திடீர்னு அழுத்தம் கொடுத்தால் உள்ளே படிஞ்ச கசடு கிளம்பி வால்வை அடைக்கும்னு அவர் கட்சி. (கழுவலாம்னு சொல்ற கட்சியும் இருக்கு.) பெட்டியில் மொத்தம் 7 லிட்டர். கீழே திறந்தால் வர்றது மூணரைதான், மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நிக்கும். அதனால 500 கி.மீ. இடைவெளியில் மூணு தடவை வடிச்சு ஊத்தினார். முதல் தடவையில் பழசு பாதி, ரெண்டாவதில் கால், மூணாவதில் அரைக்கால். நமக்குத் தெரிஞ்ச குறையும் நிலுவைக் கணக்குதான்.

ஒவ்வொரு தடவையும் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். இந்தப் பெட்டியில் அளவு பார்க்க ஆயில் சுமார் 40 டிகிரியில் இருக்கணும், பத்து மணிக்கு வந்தால் ஊரே அதைத் தாண்டிடும்னார்.

மொத்தச் செலவு ₹14,300. முதல் தடவையிலேயே அதிர்வு பாதி குறைஞ்சது, மூணாவதில் காணோம். எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு உஸ்தாத்தே சொல்லலை. தட்டு தேய்ஞ்சிருந்தால் எந்த ஆயிலும் காப்பாத்தாதாம். எங்களுக்கு நேரம் நல்லா இருந்தது, அவ்வளவுதான்.

இப்போ என் கணக்கு இது. டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு நம்ம ஊர் ஓட்டத்தில் 50,000 கி.மீ. அல்லது நாலு வருஷம், எது முதலில் வருதோ அது. ₹14,300-ஐ 50,000-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 29 காசு கூட இல்லை. இதைத்தான் நாங்க புரொவிஷன் என்போம். சி.வி.டி. வண்டிக்கு அதுக்குன்னே தனி ஆயில், மாத்தி ஊத்தினால் பெட்டி காலி. புக்லெட்டில் கிலோமீட்டர் போட்டிருந்தால் தள்ளிப் போடாதீங்க. ஏ.எம்.டி. வண்டியில் இருக்கிறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், ஆயிலும் அந்த வகைதான், இந்தக் கணக்கு அதுக்கு வேண்டாம். எந்த வண்டியானாலும் டப்பாவில் இருக்கிற கிரேடும் புக்லெட்டில் இருக்கிற கிரேடும் ஒண்ணான்னு நீங்களே பாருங்க.

டேஷ்போர்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோம். '1,42,000 அல்லது 2027 மே.' தங்கமணி கையெழுத்து. ஒட்டும்போது சொன்னாள்:

"அதுக்கு முன்னாடி அதிர்ந்தால் சொல்றேன். அப்போ புக்லெட்டைத் தூக்கிக்கிட்டு வராதீங்க."