91 என்னும் சாது

7 ஜூலை 2025, திங்கள்
ஆறாம் வகுப்பில் காரணிகள் தொடங்கியாயிற்று. 72-ன் காரணிச் சோடிகளை எழுதச் சொன்னேன். 8×9 எல்லா நோட்டிலும் இருந்தது, 6×12 பாதிப் பேரிடம். 3×24 பிடிபட்டது ஒருவனுக்குத்தான். வாய்ப்பாடு வாயில் வருகிற வரைக்கும்தான் காரணியும் வருகிறது. "எல்லாம் வந்துடுச்சுன்னு எப்படி சார் தெரியும்?" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. இந்தப் பாடத்தில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

8 ஜூலை, செவ்வாய்
நேற்றைய கேள்விக்கே பீரியட் முழுக்கப் போனது. பலகையின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 1, வலப்பக்கம் 72. பிறகு 2-36, 3-24, 4-18. ஐந்தால் வகுபடாது, தள்ளு. 6-12. ஏழுக்கு மீதி 2. அப்புறம் 8-9. அடுத்து 9 என்று எழுதப் போனால் அது ஏற்கெனவே வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. இடது ஏற ஏற வலது இறங்குகிறது. இரண்டும் எதிர்ப்பட்டதும் தேடல் முடிந்தது. 9×9 என்றாலே 81. சோடியின் இரண்டு எண்களும் 9-ஓ அதற்கு மேலோ இருந்தால் பெருக்கல் 72-ஐத் தாண்டிவிடும். ஆகவே சிறியது 8-க்குள் இருந்தே தீர வேண்டும். 72 தடவை வகுக்க வேண்டியது எட்டோடு போனதில் பின் பெஞ்சுக்கு ஏக மகிழ்ச்சி. வர்க்கமூலம் என்ற பெயரை இப்போதைக்குச் சொல்லவில்லை.

9 ஜூலை, புதன்
36. கடைசியில் 6-6. மொத்தம் ஒன்பது காரணிகள், ஒற்றைப்படை. முழு வர்க்க எண்ணுக்கு மட்டும்தான் அப்படி. அதற்குள் மணி அடித்துவிட்டது.

11 ஜூலை, வெள்ளி
91 பகா எண் என்று வகுப்பே சாதித்தது. இரட்டை எண் இல்லை, இலக்கங்களைக் கூட்டினால் 10 வருவதால் மூன்றால் போகாது, கடைசி இலக்கம் 5-ம் இல்லை. பார்த்தால் பரம சாது. ஏழை மட்டும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை: 7×13. பக்கத்திலிருக்கிற 97-க்கும் அதே சோதனை வைத்தோம். 10×10 நூறாகிவிடுவதால் 2, 3, 5, 7 நான்கையும் பார்த்தால் போதும். 97 தேறியது.

13 ஜூலை, ஞாயிறு
இன்று எனக்காகக் கொஞ்சம். 8051-க்கு 1-லிருந்து ஏறினால் 83 வரை போக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நடுவிலிருந்து புறப்பட்டார். 90-ன் வர்க்கம் 8100. அதில் 8051 போக மிச்சம் 49, அது 7-ன் வர்க்கம். 90-லிருந்து 7 கழித்தால் ஒன்று, கூட்டினால் மற்றது: 83×97. ஒரே வரி.

1874-ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயத் தர்க்கவியலாளர் தம் நூலில் 8616460799 என்ற எண்ணைப் போட்டு, எந்த இரண்டு எண்களைப் பெருக்கி இது வந்ததென்று தம்மைத் தவிர வேறு எவருக்கும் தெரியவருவது சந்தேகம்தான் என்றார். விடை 89681×96079. மனிதர் இரண்டையும் இவ்வளவு நெருக்கமாக எடுத்திருக்க வேண்டாம். வர்க்கமூலம் 92825-க்குச் சற்றே கீழே. 92825-லிருந்து ஒவ்வொன்றாக ஏறினால் 56-ஆவது எண் 92880. அதன் வர்க்கத்தில் ஜெவன்ஸின் எண்ணைக் கழித்தால் மிச்சம் 3199-ன் வர்க்கம். அவர் காலத்துப் பேனாவுக்கும் காகிதத்துக்குமே இது நடக்கிற காரியம்தான். 1-லிருந்து ஏறுகிறவனுக்குத்தான் 89681 படி.

நாளை வகுப்புக்கு 2021-ஐக் கொடுக்கலாம். இந்த வருஷம் 45-ன் வர்க்கம் என்பது பிள்ளைகளுக்கு எப்படியும் தெரியும்.